சம்பளப் பாக்கிக்கு நாலு, வேலைநீக்கத்துக்கு இரண்டரை: சிங்கப்பூரின் டிஏடிஎம் சேவை எப்படி?

சிங்கப்பூரில் பெர்மிட்டில் வேலை பார்க்கும் பெண்ணிடம் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டால், அவர் போய்த் தட்ட வேண்டிய முதல் கதவு டிஏடிஎம். சர்ச்சை நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணி என்பது அதன் நீளப் பெயர். மனிதவள அமைச்சு, தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பான என்டியுசி, முதலாளிகள் சம்மேளனம் மூன்றும் சேர்ந்து 2017 ஏப்ரலில் தொடங்கின. அதே மாதம் வேலை நியமனக் கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றமும் வந்தது. இரண்டும் ஒரே பாதையின் இரண்டு படிகள். டிஏடிஎம்மில் சமரசப் பேச்சு, அங்கே முடியாவிட்டால் நடுவர் மன்றம். சமரசத்தைத் தாண்டிக் குதித்து நேராக மன்றத்துக்குப் போக முடியாது.

முதலிலேயே மதிப்பெண்ணைச் சொல்லிவிடலாம். தராமல் விட்ட சம்பளம், ஓவர்டைம், கள்ளப் பிடித்தம் இவற்றை வாங்கித் தருவதில் இந்தச் சேவைக்கு ஐந்தில் நாலு. அநியாயமாக வேலையைவிட்டு எடுத்தார்கள் என்ற வழக்குக்கு இரண்டரை. வீட்டு வேலை செய்யும் பெண்களின் வேலைநீக்கத்துக்குப் பூச்சியம். சேவை மோசம் என்று பூச்சியம் போடவில்லை. அந்தக் கதவு அவர்களுக்குத் திறப்பதே இல்லை. வேலை நியமனச் சட்டம் இல்லப் பணிப்பெண்களை விலக்கி வைத்திருக்கிறது. அவர்கள் வெளிநாட்டு மனிதவள வேலை நியமனச் சட்டத்தின் கீழ் வருகிறார்கள், அந்தச் சட்டத்தில் அநியாய வேலைநீக்கம் என்று ஒரு வழக்கே கிடையாது. அவர்களுக்கு என்ன வழி என்பது கடைசியில் வருகிறது.

மற்றபடி இந்தச் சேவை யாருக்குப் பொருந்தும்? ஜோகூரிலிருந்து காஸ்வே பாலம் தாண்டித் துப்புரவுக்கும் தொழிற்சாலைக்கும் கடைக்கும் வரும் மலேசியப் பெண்கள், எஸ் பாஸில் (நடுத்தரத் திறன் ஊழியர்களுக்கான அனுமதி அட்டை) இருக்கும் தாதிகள், பராமரிப்பு நிலைய ஊழியர்கள், உணவகங்களில் நிற்பவர்கள் என்று வேலை நியமனச் சட்டத்துக்குள் வரும் எல்லாருக்கும். பெர்மிட் எந்த நிறம் என்பதைப் பற்றிச் சட்டத்துக்குக் கவலையில்லை.

வேலை போன கோபத்தோடு வருபவர்கள் பெரும்பாலும் வேலைநீக்கத்தை மட்டுமே பேசுவார்கள். அவர்களுக்கு வர வேண்டிய பெரிய பணம் ஓவர்டைமில் கிடக்கும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் 1,430 வெள்ளி. சட்டம் சொல்லும் மணிக்கூலிச் சூத்திரம் இது: மாத அடிப்படைச் சம்பளத்தைப் 12-ஆல் பெருக்கி, 52 வாரம் பெருக்கல் 44 மணி நேரம், அதாவது 2,288-ஆல் வகுக்க வேண்டும். 17,160-ஐ 2,288-ஆல் வகுத்தால் மணிக்கு 7 வெள்ளி 50 காசு. ஓவர்டைம் அதில் ஒன்றரை மடங்கு, 11 வெள்ளி 25 காசு. மாதம் 40 மணி நேரம் ஓவர்டைம் என்றால் 450 வெள்ளி. ஆனால் சின்ன நிறுவனங்களில் "ஓ.டி.க்கு மணிக்கு அஞ்சு வெள்ளி" என்று வாய்மொழியாக ஒரு ரேட் ஓடும். அந்தக் கணக்கில் கைக்கு வந்தது 200. மாதம் 250 குறைவு, பன்னிரண்டு மாதத்துக்கு 3,000 வெள்ளி. இன்னும் சில இடங்களில் மாதச் சம்பளத்தை 30 நாளால் வகுத்து, அதை மறுபடி 12 மணி நேரத்தால் வகுப்பார்கள். மணிக்கூலி 4 வெள்ளிக்கும் கீழே போய்விடும். இந்த இரண்டு கணக்கும் சமரசர் முன்னால் ஐந்து நிமிடம் தாங்காது. உடல் உழைப்பு வேலை என்றால் மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி வரை, மற்ற வேலைகளுக்கு 2,600 வரை இந்த ஓவர்டைம் உரிமை உண்டு. மேலாளர் என்று பட்டம் கொடுத்து மேசை துடைக்க விட்டிருந்தால், பார்ப்பது பட்டத்தை அல்ல, செய்த வேலையை.

பிடித்தங்களிலும் இதே கதைதான். உடைந்த தட்டுக்கும் கல்லாவில் குறைந்த காசுக்கும் பிடிக்கலாம், ஆனால் முதலில் விசாரித்துத் தவறு அவருடையது என்று உறுதிசெய்ய வேண்டும், ஒரு மாதச் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது. தங்குமிடத்துக்கும் கால் பங்குதான். எல்லாம் சேர்ந்து பாதிச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. "பெர்மிட் புதுப்பிக்க" என்று முதலாளி கையில் காசு வாங்கினால் அது பிடித்தமே அல்ல, குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அந்தப் புகார் டிஏடிஎம்முக்குப் போகாது, நேரே மனிதவள அமைச்சுக்கு. இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் திணித்துவிட்டு ஒன்றுமே நடக்கவில்லை என்று காத்திருப்பவர்கள் நிறைய.

இனி வேலைநீக்கம். 2019 ஏப்ரல் 1-க்கு முன்னால் இதற்கு அமைச்சரிடம் முறையிட வேண்டியிருந்தது. அதன் பிறகு இதுவும் இதே சமரசம், நடுவர் மன்றப் பாதைக்கு வந்துவிட்டது. வந்தது நல்லதுதான். ஆனால் வாசல் குறுகல்.

பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. "காரணமே சொல்லாமல் எடுத்துவிட்டார்கள்" என்பதுதான் பலமான வழக்கு என்று நினைக்கிறார்கள். இருப்பதிலேயே பலவீனமானது அதுதான். ஒப்பந்தப்படி நோட்டீஸ் கொடுத்து, அல்லது நோட்டீஸ் காலச் சம்பளத்தைக் கொடுத்து, காரணம் எதுவும் சொல்லாமல் அனுப்பினால், அது அநியாயம் அல்ல என்றுதான் அநியாய வேலைநீக்கம் பற்றிய முத்தரப்பு வழிகாட்டி தொடங்குகிறது. அநியாயம் என்று காட்ட வேண்டிய பாரம் உங்கள் தலையில் விழுகிறது. முதலாளி வாயைத் திறந்து ஒரு காரணம் சொன்னால்தான் நிலைமை மாறும். "திருடினாள்" என்று எழுதினாரா, அதை அவர் நிரூபிக்க வேண்டும். "வேலை சரியில்லை" என்றாரா, எச்சரிக்கைக் கடிதம் எங்கே, மதிப்பீடு எங்கே என்ற கேள்வி வரும். "ஆள் குறைப்பு" என்று சொல்லிவிட்டு அடுத்த வாரமே அதே வேலைக்கு ஆள் தேடி விளம்பரம் போட்டால், அந்த விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் தங்கம். சொன்ன காரணம் பொய் என்று ஆகிவிட்டால் வேலைநீக்கமும் அநியாயமாகிறது.

அதனால், வாட்ஸ்அப்பில் "அக்கா, நாளைக்கு வர வேணாம், பாஸ் சொல்லிட்டார்" என்று சூப்பர்வைசர் குரல்பதிவு அனுப்பினால், கோபத்தில் திட்டிப் பதில் போடாதீர்கள். "சரி தம்பி, என்ன காரணம்னு சொல்லுங்க" என்று ஒரே வரி கேளுங்கள். அவர் சொல்லும் பதில்தான் வழக்கு.

ஒழுங்கீனம் என்று நோட்டீஸ் இல்லாமல் அனுப்புவதாக இருந்தால், முதலாளி முதலில் விசாரணை நடத்தியே ஆக வேண்டும். விசாரணைக்காக வேலையிலிருந்து நிறுத்திவைக்கலாம், அதிகபட்சம் ஒரு வாரம், குறைந்தது பாதிச் சம்பளத்தோடு. விசாரணை என்றால் அறைக்குள் கூப்பிட்டுக் கத்துவது அல்ல. என்ன குற்றச்சாட்டு என்று சொல்லி, உங்கள் பதிலைக் கேட்க வேண்டும்.

வழிகாட்டியில் அநியாயம் என்று பட்டியலிட்டுள்ளவற்றில் பெண்களுக்கு முக்கியமானவை மூன்று. பாகுபாடு: இனம், பால், திருமண நிலை, குடும்பப் பொறுப்பு இவற்றைக் காரணமாக்கி அனுப்புவது. சலுகையைத் தராமல் தப்பிக்க அனுப்புவது, பெரும்பாலும் பேறுகால விடுப்பு. உரிமையைக் கேட்டதற்குத் தண்டனையாக அனுப்புவது. மூன்றாவதில்தான் பாலியல் தொல்லை வழக்குகள் பலவும் வந்து சேரும். கைவைத்த மேற்பார்வையாளரைப் பற்றி எச்ஆரிடம் சொன்ன பெண்ணுக்கு இரண்டு வாரத்தில் வேலை போகிறது. கைவைத்தது போலீஸ் விஷயம், நடுவர் மன்றம் அதை விசாரிக்காது. ஆனால் சொன்னதற்காக வேலை போனது நடுவர் மன்ற விஷயம். இங்கே எல்லாம் தேதி வரிசையைப் பொறுத்தது. புகார் முதலில், வேலைநீக்கம் அப்புறம் என்று தாளில் தெரிய வேண்டும். வாயால் மட்டும் புகார் சொல்லியிருந்தால் வரிசையை நிரூபிக்க வழியில்லை. அன்றே ஒரு மின்னஞ்சல், குறைந்தபட்சம் ஒரு வாட்ஸ்அப் செய்தி இருக்க வேண்டும். இந்த மாதிரி வழக்கில் போலீசுக்குப் போகும் முன் பேச ஆள் வேண்டுமென்றால் அவேர் என்ற பெண்ணுரிமை அமைப்பின் பாலியல் வன்முறைப் பராமரிப்பு நிலையம் இருக்கிறது.

பேறுகாலம் பற்றி ஒரு கசப்பான உண்மை. எஸ் பாஸில் இருக்கும் தாதிக்கு, மூன்று மாதமாவது வேலை பார்த்திருந்தால், வேலை நியமனச் சட்டம் 12 வார விடுப்பு தருகிறது, அதில் 8 வாரம் சம்பளத்தோடு. அந்த விடுப்பில் இருக்கும்போது வேலைநீக்க நோட்டீஸ் கொடுப்பது சட்டவிரோதம். ஆனால் அதைவிடக் கீழ்நிலை வேலைகளுக்கான வொர்க் பெர்மிட்டின் நிபந்தனையோ, சிங்கப்பூர்க் குடிமகனையோ நிரந்தரவாசியையோ அமைச்சின் அனுமதியோடு மணந்தவர் தவிர, கர்ப்பமாவதையே தடை செய்கிறது. ஒரே மருத்துவமனையில், ஒரே வார்டில், அட்டையைப் பொறுத்து இரண்டு சட்டம். இந்த இடத்தில் டிஏடிஎம்மைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர்கள் கையில் இருப்பது அவ்வளவுதான்.

கட்டாய ராஜினாமாவும் வேலைநீக்கமே, நிரூபிக்க முடிந்தால். "நீயே எழுதிக் கொடுத்துவிட்டால் ரெக்கார்டு கெடாது" என்ற இனிப்பு வார்த்தையில் கையெழுத்து வாங்குவார்கள். போடாமலிருப்பது உத்தமம். போட்டுவிட்டால், அன்று இரவுக்குள் செய்தி அனுப்புங்கள்: "இன்று மாலை 5 மணிக்கு ஆபீசில் வைத்து ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னீர்கள். போடாவிட்டால் பெர்மிட்டை உடனே ரத்து செய்வதாகச் சொன்னீர்கள். நான் விரும்பி விலகவில்லை." இரண்டு நாள் கழித்து அனுப்பினால் யோசித்து எழுதியதுபோல் தெரியும்.

இந்தச் சேவையின் மிகப் பெரிய குறை காலக்கெடு. வேலைநீக்கக் கோரிக்கைக்கு, கடைசி வேலை நாளிலிருந்து ஒரே ஒரு மாதம். கர்ப்பம் அல்லது பேறுகாலம் தொடர்பானதாக இருந்தால் குழந்தை பிறந்த நாளிலிருந்து இரண்டு மாதம். வெளிநாட்டுப் பெண்ணுக்கு அந்த ஒரு மாதம் எப்படிப் போகும் என்று யோசித்தால் இந்தக் கெடுவின் கொடுமை தெரியும். முதல் வாரம் முதலாளியிடம் கெஞ்சுவதில். இரண்டாவது வாரம் தங்க இடம் தேடுவதில். மூன்றாவது வாரம் "மேலே பேசிட்டு இருக்கேன், பொறு" என்று ஏஜென்ட் சொல்வதில். நாலாவது வாரம் ஊருக்கு டிக்கெட். ஆகவே முதலில் பதிந்துவிடுங்கள், பேச்சுவார்த்தையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பதிந்ததை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம், கடந்துபோன கெடுவைத் திரும்பப் பெற முடியாது.

சம்பளக் கோரிக்கைக்குக் கெடு தாராளம். வேலையில் இருந்தால் பாக்கி ஏற்பட்ட நாளிலிருந்து ஓராண்டு, வேலையை விட்டிருந்தால் கடைசி நாளிலிருந்து ஆறு மாதம். ஆனால் இங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. மூன்று வருடமாக ஓவர்டைம் குறைத்திருந்தாலும் கடைசிப் 12 மாதக் கணக்குதான் எடுபடும். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பழைய மாதம் ஒன்று கணக்கிலிருந்து உதிர்ந்துவிடும். மேலே போட்ட கணக்கில் அது மாதம் 250 வெள்ளி.

என்னென்ன தாள் வேண்டும்? முதலாவது ஐபிஏ கடிதம், அதாவது பெர்மிட்டுக்கு முன்னால் அமைச்சு அனுப்பும் கொள்கையளவு ஒப்புதல். அதில் அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் முதலாளியே அமைச்சிடம் அறிவித்தபடி இருக்கும். முதலாளி கையில் வைத்திருக்கும் ஒப்பந்தத்தில் அதைவிடக் குறைந்த தொகை இருந்தால், சமரச மேசையில் எடை ஐபிஏவுக்குத்தான். எழுத்தில் உங்கள் சம்மதம் வாங்கி அமைச்சிடம் முன்கூட்டியே சொல்லாமல் சம்பளத்தைக் குறைக்க முடியாது. இரண்டாவது பேஸ்லிப். விவரமான பேஸ்லிப் தருவது 2016 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். தரவில்லை என்றால் அதுவே ஒரு புள்ளி உங்கள் பக்கம். மூன்றாவது வங்கிக் கணக்கு அறிக்கை. நான்காவதுதான் பலரிடம் இல்லாதது: வேலை நேரத்துக்கான சொந்தப் பதிவு. பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு பாக்கெட் டைரி, தேதி, வந்த நேரம், சாப்பாட்டு இடைவேளை, கிளம்பிய நேரம். நாளுக்கு நாள் வேறு வேறு பேனா மையில் எழுதிய அழுக்கு டைரிக்கு இருக்கும் மதிப்பு, ஒரே இரவில் உட்கார்ந்து அழகாக எழுதிய பட்டியலுக்கு இருக்காது. ரோஸ்டரையும் பஞ்ச் கார்டையும் படம் எடுத்து வையுங்கள். காஸ்வே தாண்டி வருபவர்களுக்குக் கடவுச்சீட்டுப் பதிவும் பஸ் கார்டுக் கணக்கும் துணைச் சாட்சி.

எல்லாவற்றையும் வேலையில் இருக்கும்போதே எடுத்துவைக்க வேண்டும். இப்போது பேஸ்லிப்பும் ரோஸ்டரும் கம்பெனி ஆப்பில் இருக்கின்றன, வேலை போன நிமிடம் லாகின் போய்விடும். கம்பெனி வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் நீக்கிவிடுவார்கள். நீக்கும் முன் குழு உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுப்பதாக இருந்தால் தேதியும் அனுப்பியவர் எண்ணும் தெரிய வேண்டும். "பாஸ்" என்று சேமித்த பெயர் மட்டும் தெரிந்தால் எந்த பாஸ் என்ற கேள்வி வரும். சம்பளம் ரொக்கமாக வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஆறு மாத வவுச்சரில் மொத்தமாகக் கையெழுத்து வாங்கிவைப்பது பழைய தந்திரம். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் அதைச் சமரசரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதலாளி எடுத்து நீட்டிய பிறகு சொன்னால் சமாளிப்பதுபோல் ஆகிவிடும்.

பதிவு இணையத்தில், சிங்பாஸ் என்ற அரசு மின்னடையாளக் கணக்கு வழியாக. சிங்பாஸ் இல்லாதவர்கள் வேலையில் இருக்கும்போதே திறந்துகொள்வது நல்லது. படிவத்தில் நேரம் செலவிட வேண்டிய ஒரே பகுதி கோரிக்கைப் பட்டியல். ஓவர்டைம், ஓய்வுநாள் கூலி, பொது விடுமுறைக் கூலி, பயன்படுத்தாத வருடாந்திர விடுப்பு, நோட்டீஸ் காலச் சம்பளம், பிடித்தம், வேலைநீக்கம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தொகையோடு போட வேண்டும். இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சமரசம் முறிந்தால் டிஏடிஎம் ஒரு பரிந்துரைச் சான்றிதழ் தரும், அதில் இருக்கும் கோரிக்கைகளை மட்டும்தான் நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோக முடியும். அங்கே போய் ஓய்வுநாள் கூலி ஞாபகம் வந்தால் மறுபடி முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும்.

சமரசப் பேச்சு பற்றி. வழக்கறிஞர் இரு தரப்புக்கும் கிடையாது, இது உண்மையாகவே நல்ல ஏற்பாடு. சமரசர் தீர்ப்புச் சொல்பவர் அல்ல, உங்கள் பக்கம் பேசுபவரும் அல்ல. "அவர் முதலாளிக்கே பரிந்து பேசினார்" என்ற புகார் அடிக்கடி காதில் விழும். கவனித்தால், அவர் உங்கள் வழக்கின் ஓட்டையைச் சுட்டியிருப்பார். அதே வேலையைப் பக்கத்து அறையில் முதலாளியிடமும் செய்திருப்பார். ஆனால் இந்த முறையில் ஒரு சாய்வு இருக்கிறது. முதலாளிக்கு அவசரமில்லை. சம்பளமில்லாமல், விசா நாளை எண்ணிக்கொண்டிருக்கும் பெண்ணுக்குத்தான் அவசரம். 3,000 வெள்ளிக் கோரிக்கைக்கு "ஆயிரம் இன்றைக்கே" என்று மேசையில் வைக்கும்போது கை தானாக நீளும். போவதற்கு முன்பே மனதில் இரண்டு எண் வைத்துக்கொள்ளுங்கள்: தாளில் நிரூபிக்க முடிந்த தொகை, அதற்குக் கீழே இறங்கமாட்டேன் என்ற தொகை. பேச்சில் சொன்னது எதையும் பிறகு நடுவர் மன்றத்தில் ஆதாரமாக எடுத்துக் காட்ட முடியாது, அதனால் பேசிப் பார்ப்பதில் நட்டமில்லை. நீங்கள் வராமலிருந்தால் மட்டும் கோரிக்கையே விழுந்துவிடும்.

ஒப்பந்தமாகிவிட்டால், கையெழுத்துக்கு முன் பணம் வரும் தேதியைப் பாருங்கள். "விரைவில்" என்ற சொல் இருக்கக் கூடாது. தவணை என்றால் ஒவ்வொரு தவணைக்கும் தேதி, ஒன்று தவறினால் மீதி முழுவதும் உடனே என்ற வரி. பணமல்லாததையும் இங்கே கேட்கலாம், மன்றத்தில் இவ்வளவு நெகிழ்வு கிடைக்காது: வேலைச் சான்றிதழ், வேறு முதலாளியிடம் இடமாற்றத்துக்குச் சம்மதம், பொய்க் குற்றச்சாட்டை எழுத்தில் திரும்பப் பெறுவது. சில பெண்களுக்கு ஆயிரம் வெள்ளியைவிட இடமாற்றச் சம்மதம் பெரிது. ஒப்பந்தத்தை நான்கு வாரத்துக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் பதிந்துவிட்டால் அது நீதிமன்ற ஆணைபோல் செல்லும். முதல் தவணை ஒழுங்காக வந்த சந்தோஷத்தில் பதியாமல் விட்டு, இரண்டாவது தவணையில் மாட்டிக்கொள்வதுதான் வழக்கமாக நடப்பது.

முறிந்தால், சான்றிதழ் தேதியிலிருந்து நான்கு வாரத்துக்குள் நடுவர் மன்றத்தில் தாக்கல். கோரிக்கை உச்சவரம்பு 20,000 வெள்ளி, தொழிற்சங்க உறுப்பினராக இருந்து முத்தரப்புச் சமரசம் வழியாக வந்திருந்தால் 30,000. சந்தா கட்டும்போது வீண் என்று தோன்றும் சங்க உறுப்பினர் அட்டை இங்கேதான் பலன் தருகிறது. மன்றத்தில் முதலில் வழக்கு மேலாண்மைக் கூட்டம், அங்கேயும் சமாதானம் பேசிப் பார்ப்பார்கள். பிறகு விசாரணை. கேள்வியை நீதிபதியே கேட்டு நடத்துவார், மேடைப்பேச்சுக்கு இடமில்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அரைகுறை ஆங்கிலத்தில் சமாளிக்கலாம் என்று போய், "ஐ ஸ்டாப் வொர்க்" என்று சொல்லிவிட்டால் நீங்களே நின்றதாகத்தான் பதிவாகும். நிறுத்தினார்களா, நின்றாரா என்பதுதானே வழக்கே.

தாள்களோடு ஒரு பக்கக் காலவரிசை கொடுங்கள். இடது பக்கம் தேதி, நடுவில் நடந்தது, வலது பக்கம் ஆதாரத்தின் எண். பத்து வரிக்கு மேல் வேண்டாம்.

ஜெயித்தால் என்ன கிடைக்கும்? மீண்டும் வேலையில் சேர்க்கச் சொல்லலாம், அல்லது இழப்பீடு. பெர்மிட் ரத்தானவருக்கு மீண்டும் வேலை என்பது காகிதத்தில் மட்டும் அழகு. இழப்பீட்டில் இரண்டு பகுதி: இழந்த வருமானத்துக்கு அதிகபட்சம் மூன்று மாதச் சம்பளம், நேர்ந்த பாதிப்புக்கு அடிப்படையாக இரண்டு மாதம் வரை, நிலைமையைப் பொறுத்து அதில் பாதி கூடவோ குறையவோ செய்யும். ஏஜென்டுக்குக் கடன் வாங்கிக் கட்டி வந்த பெண்ணின் கணக்கில் இது பெரிய தொகை அல்ல. இரண்டரை மதிப்பெண்ணுக்கு இன்னொரு காரணம் இதுதான். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் வேலையிட நியாயச் சட்டத்தை நிறைவேற்றியது, பாகுபாட்டைத் தடுக்க. ஆனால் முதல் கட்டத்தில் 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு விலக்கு. இந்தப் பெண்கள் வேலை பார்க்கும் உணவகமும் கடையும் எத்தனை பேர் உள்ள இடம் என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழக்கு நடக்கும் காலத்தில் எங்கே இருப்பது? பெர்மிட் ரத்தாகிக் கோரிக்கை நிலுவையில் இருந்தால் தற்காலிகமாகத் தங்க ஸ்பெஷல் பாஸ் கிடைக்கலாம், ஆனால் அந்தப் பாஸை வைத்து வேலை பார்க்க முடியாது. சட்டப்படி, கோரிக்கை தீரும்வரை தங்குமிடமும் சாப்பாடும் பழைய முதலாளியின் பொறுப்பு. வழக்குப் போட்டவரிடமே சாப்பாடு வாங்கித் தின்னும் ஏற்பாடு எவ்வளவு தூரம் நடக்கும் என்பது தெரிந்ததே. சாப்பாடு நின்றால், தங்குமிடத்தைவிட்டு வெளியேற்றினால், அதை உடனே அமைச்சுக்கும் வழக்கைக் கவனிக்கும் அதிகாரிக்கும் எழுத்தில் சொல்லுங்கள்.

இனி இல்லப் பணிப்பெண்கள். வேலைநீக்கம் நியாயமா என்று எந்த மன்றமும் விசாரிக்காது. மேடம் பெர்மிட்டை ரத்து செய்து டிக்கெட் போட்டால் முடிந்தது. இடமாற்றத்துக்கும் அவர் சம்மதம் வேண்டும். ஆனால் சம்பளம், ஓய்வுநாள், மோசமாக நடத்துவது இவற்றுக்கு வழி இருக்கிறது, அது மனிதவள அமைச்சும் என்டியுசி 2016-இல் தொடங்கிய இல்லப் பணியாளர் நிலையமும். நிலையத்தின் ஆட்கள் சமரசம் பேசுவார்கள், தங்க இடமும் ஏற்பாடு செய்வார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் ஹோம் அமைப்பும் பணிப்பெண்களுக்கான தங்குமிடம் நடத்துகிறது.

கேட்க வேண்டியவை இவை. சம்பள மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம். "பத்திரமாக இருக்கட்டும்" என்று சம்பளத்தை முதலாளி கையில் வைத்துக்கொள்வது 2019 ஜனவரி முதல் அனுமதியில்லை, நீங்களே கேட்டுக்கொண்டதாகச் சொன்னாலும். வாரம் ஒரு ஓய்வுநாள் 2013-லிருந்து உண்டு. அதை வேலை பார்த்துக் காசாக வாங்கலாம், ஆனால் 2023 ஜனவரி முதல் மாதத்துக்கு ஒரு நாளாவது காசாக மாற்ற முடியாத ஓய்வு. காசு என்றால் மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து: 600 வெள்ளிச் சம்பளத்துக்கு ஒரு ஓய்வுநாள் 23 வெள்ளி 8 காசு. ஒரு வருடம் மாதம் மூன்று ஓய்வுநாள் வேலை பார்த்துக் காசு வரவில்லை என்றால் 830 வெள்ளிக்கு மேல். சின்னத் தொகை என்று ஏஜென்ட் சொல்வார், ஒன்றரை மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. கடவுச்சீட்டை வைத்துக்கொள்வது குற்றம். ஆறு மாதத்துக்குள் முதலாளி வேலையை முடித்துவிட்டால், உங்களிடம் வாங்கிய ஏஜென்சிக் கட்டணத்தில் பாதியை ஏஜென்சி திருப்பித் தர வேண்டும். இதை ஏஜென்ட் தானாகச் சொல்லமாட்டார்.

அடித்தால் போலீஸ், வேறு யாரிடமும் முதலில் போக வேண்டாம். பணிப்பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையை இரண்டு மடங்கு வரை கூட்ட 2020 முதல் சட்டத்தில் இடமிருக்கிறது. காயத்தைத் துணி விலக்கிப் படம் எடுங்கள், அதே நாளில், முகமும் சேர்ந்து தெரியும்படி ஒன்றாவது. வீட்டைவிட்டு ஓடி வந்தால் அன்றே அமைச்சுக்கோ நிலையத்துக்கோ தகவல் சொல்ல வேண்டும். காரணம் வெறும் சம்பிரதாயம் அல்ல. உங்களுக்காக முதலாளி 5,000 வெள்ளி பிணைத்தொகை கட்டியிருக்கிறார், நீங்கள் காணாமல் போனால் அது பறிபோகும் அபாயம் இருப்பதால் "ஓடிவிட்டாள்" என்று உடனே புகார் கொடுத்துவிடுவார். யார் தகவல் முதலில் பதிகிறது என்பது பிறகு பெரிய வித்தியாசத்தை ஏற்படுத்தும்.

பாக்கியைத் தீர்க்காமல் ஊருக்கு அனுப்பக் கூடாது என்பது பெர்மிட் நிபந்தனை. அப்படியிருந்தும் விடிகாலையில் காரில் ஏற்றிச் சாங்கிக்குக் கொண்டுபோய்விடுவது நடக்கிறது. விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரியிடம் "சம்பளப் பாக்கி இருக்கிறது, என்னை வலுக்கட்டாயமாக அனுப்புகிறார்கள்" என்று சொன்னால் அமைச்சுக்குத் தகவல் போகும். முன்பு அதிகாரியின் முகத்துக்கு நேரே நின்றுதான் கடவுச்சீட்டை நீட்ட வேண்டியிருந்தது. இப்போது தானியங்கி வாயில்கள், அதிகாரி இல்லாமலே திறந்துவிடும். அதனால் வாயிலுக்குள் நுழையும் முன்பே, ஓரமாக நிற்கும் சீருடைக்காரரைத் தேடிப் போய்ச் சொல்ல வேண்டும்.